பாதி லோட்

மார்கழி. பதினொரு நாளாக மழை.
கல்லடியில் தலையணை உறைகூட ஈரம்.

டென்மார்க்காரர் விட்டுப்போன டிரையர்
இரண்டு மணித்தியாலம் உருண்டும்
சூடான ஈரத்தைத்தான் தந்தது.

எர்வின் வந்து பின்குழாயைக் கழற்றினார்.
பூனைக்குட்டியளவு சாம்பல் பஞ்சு,
அதற்குள் பல்லி முட்டை மூன்று.
பெல்ட்டை இறுக்கினார்.
மோட்டரில் காதை வைத்துக் கேட்டார்,
வயிற்றுப் பிள்ளையைக் கேட்பதுபோல.

"மறுகாவும் இப்பிடி அடைக்காதீங்க மிஸ்ஸி.
பாதிதான் போடணும்.
காத்து திரும்ப இடம் வேணும்."

இவருடைய சாரம், பிள்ளைகளின் காற்சட்டை,
மாமியின் போர்வை,
எல்லாம் வாளியில் கிடக்கின்றன.
இரவு டியூட்டிக்கான என் வெள்ளைக் கவுண்
உள்ளே தன்னந்தனியாகச் சுற்றுகிறது.

பாதிக்கும் குறைவுதான்.
கேட்கட்டும், சொல்கிறேன்.

முப்பது நிமிசம்.
தெறி கையைச் சுட்டது.