கூட்டிப் போடாத பக்கம்

சித்ராவில் எங்கள் ஏழாம் பிளாக்கை
இரண்டு வருஷம் ஆண்டவர் கஸ்பார் பர்னாந்து.
ஆண்டவர் என்றால் மெஸ் செயலாளர்.
நூற்றுப் பன்னிரண்டு பேர் கைதூக்கித் தேர்ந்தெடுத்தோம்.

முந்தையவர் கோல்டு ஸ்டோரில் வைத்துப்போன பாக்கி
முந்நூற்று நாற்பது தினார்.
எங்கள் தலை தெரிந்தாலே குஞ்ஞுமோன்
ஷட்டரைப் பாதி இறக்கிய காலம் அது.

வந்த முதல் வாரமே
செவ்வாய்க்கிழமை மீனை நிறுத்தினார்,
மணப்பாட்டுக் கடலோரம் பிறந்த மனிதர்.
ஃப்ரீஸருக்குப் பூட்டு. சாவி அரைஞாணில்.
தீபாவளிக்கு லட்டு கேட்டோம், இல்லை.
ஈஸ்டருக்குக் கேக்கும் இல்லை,
தம் சாமிக்கும் சலுகை கிடையாது.
கிரிக்கெட் மட்டை கேட்டு எழுதிய மனுவின் பின்புறத்தில்
வெங்காயக் கணக்குப் போட்டார்.
'கஞ்சப் பர்னாந்து' என்று
கழிவறைச் சுவரில் எழுதியவன் நான்தான்.
பெயின்ட் செலவை நினைத்தோ என்னவோ
அதையும் அப்படியே விட்டுவிட்டார்.

எனக்கு நாற்பது தினார் வேண்டியிருந்தது.
தங்கைக்கு நர்சிங் கடைசித் தவணை.
"இது வயித்துப் பணம் தம்பி" என்றார்,
நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.
அந்த வருஷம் அவள் பரீட்சை எழுதவில்லை.

பிறகு கம்பெனி நான்கு மாதம் சம்பளம் போடவில்லை.
மூன்றாம் பிளாக் உப்புக்கும் கடன் சொன்னது.
ஐந்தாம் பிளாக்கில் ஒரு குப்பூஸை நாலாய்க் கிழித்தார்கள்.
எங்கள் அடுப்பு ஒரு வேளையும் அணையவில்லை.
அந்தச் சோற்றில் என் நாற்பது தினாரும் வெந்தது.
தின்றேன்.
வேறென்ன செய்ய.

அந்தப் பேர்தான் அவரை மனாமாவுக்குத் தூக்கிப்போனது.
எல்லா முகாமுக்கும் சேர்த்து மத்திய சபை,
பத்தொன்பது நாற்காலி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்.
பூட்டுவதற்கு அங்கே ஃப்ரீஸர் இல்லை.
பேசுவார்கள், பேசுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள்.
பொன்னாடை என்ன விலை என்று இவர் எழுந்து கேட்பார்.
பதினெட்டுக்கு ஒன்று என்று தோற்று உட்காருவார்.
எல்லோரும் போனபின் ஏசியை அணைத்துவிட்டு
கடைசி பஸ்ஸைப் பிடிப்பார்.

இப்போது சாவி என் இடுப்பில்.
அவர் விட்டுப்போன நோட்டைப் புரட்டுகிறேன்.
ஃபில்ஸ் பிசகாத கணக்கு,
ஒவ்வொரு பக்கமும் கூட்டி, அடியில் இரட்டைக் கோடு.
கடைசியில் 'மறுத்தவை' என்று ஒரு பக்கம்:
லட்டு, மட்டை, மாரிச்செல்வத்தின் கடைவாய்ப் பல்,
ஜைனுலாபுதீன் மகளுக்குக் கம்மல்,
என் பெயர், நாற்பது, தங்கை படிப்பு.
அதை மட்டும் அவர் கூட்டவில்லை.

பென்சிலை எடுக்கிறேன்.
வாசலில் யாரோ
முன்பணம் கேட்டுச் செருமுகிறார்கள்.