முட்டுக்கல்

ஏறும்போது ஒன்றுமில்லை.
அரவேனு மேட்டில் அரிசி மூட்டையோடு ஏறுவேன்,
கணுக்கால் ஏனென்று கேட்காது.
இறக்கம்தான்.
பாதம் முன்னால் சரிந்து
விரல்கள் தரையைத் தேடும் நொடியில்
பின்னால், குதிநாணுக்கும் உள்ளே,
யாரோ பாக்கு வெட்டுகிறார்கள்.

டாக்டர் ஃபர்ஹானாவும் அதையேதான் சொன்னார்.
எக்ஸ்ரேயை ஜன்னலில் வைத்துப் பிடித்தார்,
வெளியே மூடுபனி, அதைவிட நல்ல வெள்ளை ஏது.
மேலே கால் எலும்பு, கீழே குதி எலும்பு,
பாக்குவெட்டியின் இரண்டு வாய்.
நடுவில் கொண்டைக்கடலை அளவில்
தனியாக ஒன்று.

"பத்து வயசுவாக்கில் பெரிய எலும்போட ஒட்டியிருக்கணும், போஜன்.
சிலருக்கு ஒட்டுறதில்லை."
எனக்கு நாற்பத்தாறு.
முப்பத்தாறு வருஷம் என் செலவில் சாப்பிட்டு
ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறது.
"இப்ப எது எழுப்பிச்சு?"
"நீங்க என்ன வேலை?"

சொன்னேன்.
மேட்டுப்பாளையம் ரூட். இடது கால்.
ஒரு நடைக்கு எத்தனை கிளட்ச் என்றார்.
இருபது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை,
மூச்சை எண்ணுகிறவன் உண்டா?
மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்,
குஞ்சப்பனை வருவதற்குள்
இருநூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை விட்டுப்போனது.

பெருவிரலை மடக்கச் சொன்னார்.
உயிர் போய் வந்தது.
"அந்த நரம்பா டாக்டர்?"
"நரம்பில்லை, தசைநாண். இந்த எலும்பை ஒட்டின பள்ளத்துலதான் ஓடுது.
அதுவும் உரசுது."
பெருவிரலுக்கும் குதிக்கும் இப்படியொரு ரூட் இருப்பது
டிப்போவில் ஒருவருக்கும் தெரியாது.

இறக்கத்தில் வண்டி நின்றால்
செபமாலை சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கல் வைப்பான்.
கிளம்பும்போது எடுத்துப் படியோரம் போடுவான்.
ஒருநாள் மறந்துவிட்டான்.
எஞ்சின் கதறியது, வண்டி அசையவில்லை,
நான் அவனைத் திட்டினேன், அவன் கல்லைத் திட்டினான்.
கல் என்ன செய்யும்,
வைத்த இடத்தில் இருந்தது.

ஊசி ஒன்று. எட்டு வாரம் கிளட்ச் கூடாது.
அதற்கும் அடங்காவிட்டால் எடுத்துவிடலாமாம்.
எடுத்தால் கையில் தருவீர்களா என்றேன்.
சிரித்தார்.
தருகிறேன் என்று சொல்லவில்லை.

இப்போது டைம் ஆபீசில் நாற்காலி.
பன்னிரண்டு நாற்பது கிளம்புகிறது,
என் சீட்டில் புதுப்பையன் லிங்கேஷ்.
பாதிக் கிளட்சில் கியர் போடுகிறான்,
பல் நறநறப்பது இங்கே வரை கேட்கிறது.
மேசைக்கு அடியில்
என் இடது பாதம்
கடைசிவரை மிதிக்கிறது.