பதினோரு மாதம்

சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிரில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம்.
வெயிலோடு படியேறி வருகிறவர்கள்
முதலில் தண்ணீர் கேட்பார்கள்,
பிறகு "ஒரே ஒரு சந்தேகம் மேடம்" என்பார்கள்.
ஒன்றோடு யாரும் இறங்கிப் போனதில்லை.

ஆம்பூரிலிருந்து முஷ்தாக்.
ஷூவுக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்கிறார், பதினாறு மெஷின்.
திரும்பி வந்த செக்கைப் பையிலிருந்து எடுக்கிறார்,
சீக்கு வந்த கோழிக்குஞ்சைத் தூக்குவதுபோல
இரண்டு கையாலும்.
"கொடுத்தவர் என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு அண்ணன்.
நோட்டீஸ் விடாமல் நோட்டீஸ் விட முடியுமா?"
பேங்க் மெமோ வந்த முப்பது நாளுக்குள் என்கிறேன்.
கிடைத்ததும் அவருக்குப் பதினைந்து நாள் தவணை.
விரல்விட்டு எண்ணுகிறார்.
நடுவில் ஒரு நிக்காஹ் வந்து
விரல் நின்றுவிடுகிறது.

காட்பாடியில் கூட்டாக மெஸ் நடத்திய இருவரில் ஒருவர்:
"எழுதினால் சிநேகிதம் கெட்டுடும்னு எழுதலை."
இப்போது?
"சிநேகிதமும் போச்சு. ஃப்ரிட்ஜ் மட்டும் இருக்கு.
பில் அவன் பேரில், தவணை என் பேரில்.
உள்ளே இருக்கிற மாவு யாருது மேடம்?"
சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.
அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கோமளவல்லியின் கையில்
அறுபத்தொன்றாம் வருஷத்துக் கிரயப் பத்திரம்.
மடித்த இடமெல்லாம் கிழிசல், ஸ்டாம்பு மட்டும் கெட்டி.
அடமானம் வைத்து மாவு அரைக்கும் கம்பெனி தொடங்க வேண்டும்.
நாளது தேதியில் விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை.
தெற்கே சர்க்கார் வண்டிப்பாதை,
கிழக்கே மேற்படியார் புன்செய்,
வடக்கே பாலாறு.
இதற்குட்பட்டது அறுபத்திரண்டு சென்ட்.
பேங்க் வக்கீல் வந்து பார்த்துவிட்டு
ஆறு எங்கே என்று கேட்டாராம்.
"மணலை அள்ளி அள்ளி அது எங்கியோ போய்ட்டுது.
ஆறு தள்ளிப் போனால்
என் நிலம் கூடுமா, குறையுமா?"
ஐந்து வருஷம் சட்டம் படித்தேன்.
சர்வேயரைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

நேற்று நான்தான் இறங்கிப் போனேன்.
ஆஸ்பத்திரிக்குப் பின்சந்து லாட்ஜ், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை.
மால்டாவிலிருந்து வந்து நாற்பத்தொரு நாளாகிறது.
அவர் கட்டிலில். மனைவி கதவோரம்.
கையெழுத்துப் போட வராது, கைநாட்டு செல்லுமா?
செல்லும். புத்தி தெளிவாக இருந்தால் போதும்.
இரண்டு சாட்சி அவர் கண் முன்னால் கையெழுத்திட வேண்டும்.
லாட்ஜ் மேனேஜர் ஒருவர்,
பக்கத்து அறையில் தம்பிக்கு டயாலிசிஸ் பார்க்க வந்த சித்தூர்க்காரர் ஒருவர்.
உயிலில் ஒரு குளம், ஒரு சைக்கிள் கடை.
மையை அவர் விரலிலிருந்து
அந்தம்மாள் எச்சில் தொட்டுத் துடைத்தார்.
படி வரை வந்து, அரைகுறைத் தமிழில், மெதுவாக:
"ரூம் மாசக் கடைசி வரை சொல்லிருக்கு.
முன்னாலே காலி பண்ணினா
அட்வான்ஸ் திரும்ப வருமா?"

எல்லோரையும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்:
ரசீது வாங்கினீர்களா?

சாயங்காலம் தணிகாசலம் மேலே வருகிறார்,
கீழ்க்கடைக்காரர், எனக்கு வீட்டுக்காரரும் அவரே.
மகன் இந்த மாடியில் நீட் கோச்சிங் வைக்கப் போகிறான்.
சொல்லத் தயங்கி மின்விசிறியைப் பார்க்கிறார்.
ஒன்பது வருஷமாகப் பதினோரு மாதம், பதினோரு மாதமாக
நானே டைப் அடித்த ஒப்பந்தம்.
பன்னிரண்டைத் தொட்டால் ரிஜிஸ்டர் ஆபீஸ் போகணும் என்று
ஊரெல்லாம் அப்படித்தான் குடியிருக்கிறது,
ஒரு மாதம் குறைவாக.

"அட்வான்ஸ் எவ்ளோம்மா குடுத்தீங்க?
சுத்தமா மறந்துட்டேன்."
உண்மையிலேயே மறந்திருக்கிறார்.
புதுப்பிக்கும்போதெல்லாம்
'ஏற்கெனவே பெற்றுக்கொண்ட முன்பணம்' என்றே அடித்திருக்கிறேன்,
தொகையில்லாமல்.
அவரிடம் கணக்கில்லை. என்னிடம் ரசீதில்லை.
நான் சொல்வதுதான் தொகை.

கீழே யாரோ ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்கிறார்கள்,
பச்சை வெளிச்சம் ஒருமுறை போய் வருகிறது.

நாற்பதாயிரம், என்றேன்.
நாற்பதுதான்.