கோசோங்

நாலே முக்காலுக்கு
ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பதினேழாம் தளத்தில்
ஒரே ஒரு தொட்டி, நான்கு வாய்கள்.
முதல் வாய் என்னுடையது.
ஜெட்டிக்குப் போகும் முதல் பஸ்ஸை எடுக்க வேண்டிய வாய்
அவசரமாய்த் திறந்து
அவசரமாய் மூடும்.

சட்டைப் பையில் பழைய மிட்டாய் டப்பா.
அதில் கிராம்பு.
ஒன்றை இடது கடைவாயில் ஒதுக்கிக்கொண்டால்
பாயான் பாரு வரைக்கும்
வலி மூச்சுவிடாது.
'எல்லாம் இயற்கை வைத்தியம்' என்று
டிப்போவில் பெருமை பேசுவேன்.

இயற்கையைக் குறை சொல்ல மாட்டேன்.
குப்பைக் கொட்டகைக்குப் பின்னால்
யாரும் நடாத ஒரு வேப்பமரம்.
ஞாயிறுதோறும் இறங்கிப் போய்
சுண்டுவிரல் பருமனில் நாலு குச்சி ஒடித்து வருவேன்.
நுனியை மென்று நாராக்கி
மேலும் கீழுமாய்த் தேய்த்துத் துப்புவோம்.
மகன் லவனேஸ்வரன்
தான் இன்று முதல் ஆடு என்று அறிவித்துவிட்டு
சோபாவின்மேல் ஏறி நின்றான்.

கசப்பு ஞாயிற்றோடு சரி.
மற்ற ஆறு நாளும் எனக்குத் தே தாரிக்,
அடியில் ஒரு விரற்கடை சீனிப்பால்.
பிள்ளைகளுக்கு மைலோ;
குடித்த உதட்டோடே தூங்கிவிடுவார்கள்.
எழுப்ப மனசு வராது என்பாள் தமயந்தி.
எனக்கும்தான்.

பள்ளிக்கு வந்த பல் மிஸி
துர்காஷினியிடம் ஓர் அட்டை கொடுத்தனுப்பினார்.
குட்டிக் குட்டிக் கட்டங்கள்.
நாலில் சிவப்பு.
அவள் அழவில்லை.
அட்டையைத் திருப்பி, பின்பக்கம்
கோணல்மாணலாய்க் கட்டம் போட்டாள்.
'இப்ப நீங்க ஆ காட்டுங்க.'

கைப்பேசி வெளிச்சம் என் அண்ணத்தில் பட்டது.
ஒன்று, ரெண்டு, மூன்று...
'இது பல்லாப்பா?'
'கிராம்பு.'
விரலை விட்டு எடுத்து, முகர்ந்து,
ஓரமாய் வைத்தாள்.
அதற்கு அடியில் இருந்ததை
வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு சிவப்புப் பென்சிலால்
அந்த ஒரு கட்டத்தைத் தீட்டத் தீட்ட
அட்டை கிழிந்து
மறுபக்கம் வந்துவிட்டது.

கிளினிக் நாற்காலியில்
அவள் கால் ஆட்டிக்கொண்டு நாலையும் அடைத்துக்கொண்டாள்.
என் முறை வந்தபோது
இருபத்திரண்டு வருஷம் பினாங்கு மலைப்பாதையில் பஸ் ஓட்டிய கை
நடுங்கியது.
டாக்டர் பிடுங்கியதைக் கிண்ணத்தில் போட்டுச் சொன்னார்:
'கிராம்பு வலியைத்தான் தூங்க வைத்தது.
சொத்தை ராத்திரி பகலாய் வேலை பார்த்திருக்கிறது.'

இப்போது இரவில் நாலு பேரும் தொட்டியைச் சுற்றி
இடித்துக்கொண்டு நிற்கிறோம்.
மைலோவுக்குப் பிறகுதான் பிரஷ், பிரஷ்ஷுக்குப் பிறகு வெறும் தண்ணீர்.
லிஃப்ட் கீழே போய் மேலே வரும்வரை தேய்க்க வேண்டும்,
அது துர்காஷினியின் சட்டம்.
ஒருநாள் லிஃப்ட் ஆறாம் மாடியில் சிக்கிக்கொண்டது.
யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல்
வாய் நுரைக்க நுரைக்க
ஒருவரையொருவர் கண்ணாடியில் பார்த்தோம்.
குச்சி ஞாயிறு இன்னும் உண்டு.
ஆடும் உண்டு.

கடையில் 'தே ஓ கோசோங்' என்றேன்.
ஹமீது குரலைத் தாழ்த்தினான்:
'இனிப்பு நீரா, அண்ணே?'
'இல்லப்பா, பல்லு.'
அதைக் கேட்டு இன்னும் வருத்தப்பட்டான்.
உண்மையைச் சொன்னால்
அந்தத் தேநீர் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

போன வாரம் மகளுக்கு ஒரு பால்பல் விழுந்தது.
கூரையில் எறியலாம் என்றால்
பதினேழாம் மாடிக்காரனுக்குக் கூரை ஏது?
சன்னல் வழியே எறிந்தால் யார் தலையிலோ.
நாக்கை அந்த இடைவெளியில் நுழைத்து
'கோசோங்' என்றாள்.
நானும் இடது கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினேன்.
'உங்களுது முளைக்காதே' என்றாள்,
குளிக்கப் போய்விட்டாள்.

கொம்தார் சிவப்பு விளக்கில் பஸ் குலுங்கி நிற்கும்போது
சட்டைப் பையின் டப்பாவில்
மிச்சக் கிராம்புகளுக்கு நடுவே
ஏதோ உருளும்.
முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்ப்பாள்.
நான் சாலையைப் பார்ப்பேன்.