மாட்டேன்

உம்சிண்டோ மாஜிஸ்திரேட் கோர்ட், 1891.
ஈரம் குடித்து உப்பிப்போன பதிவேடு.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில்
பேனாவை வாசலிலேயே வாங்கிக்கொண்டு
ஒரு பென்சில் தருகிறார்கள்.

எண் 38417. போளூர் தாலுக்கா.
இடது புருவத்தில் தழும்பு.
எட்டியப்பன் என்று சொல்லியிருப்பார் என் பூட்டன்.
எழுத்தர் காதில் விழுந்தது எட்டியா பென்.
பென் எந்த ஆண்டு உதிர்ந்ததோ,
என் பாஸ்போர்ட்டில் எட்டியா மட்டும் இருக்கிறது.

முதலில் இடுகாட்டில்தான் தேடினேன்.
பிரையர்லி தோட்டத்துக்குப் பின்னால்
கரும்பு முடிந்து ஓடை தொடங்கும் சரிவு.
டிராக்டர் ஓட்டும் சிபோ
பூட்ஸ் காலால் புல்லை ஒதுக்கினார்.
"இந்த இடத்தில் உழுதால் கலப்பை மணியடிக்கும்."
தகர வில்லைகள். மூன்று அகப்பட்டன.
மூன்றும் வேறு எண்கள்.
துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
அவர்களைத் தேடியும் யாராவது
பேருந்து பிடித்து வரக்கூடும்.

செத்தவர்களைத் தோட்டம் எழுதிவைக்கவில்லை.
வேலைக்கு வராதவர்களை எழுதிவைத்திருக்கிறது,
தேதி, கிழமை, நேரம் உட்பட.

ஏழு வழக்குகள்.
சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டியது, பத்து ஷில்லிங்.
மறுபடியும் தாண்டியது, ஒரு பவுண்டு.
ஒன்றில் அவரே வாதி:
சேவலைக் காணோம். தள்ளுபடி.
ஒன்றில் வாதி பொன்னுருவி, மனைவி:
குடித்துவிட்டு விறகுக் கட்டையால் அடித்தான்,
இடது முழங்கை இன்னும் மடங்கவில்லை.
அந்தத் தாளைப் புரட்டிவிடத்தான் விரல் போனது.

ஏழாவது வழக்கு இரண்டே வரி.
கைதி கூறுவது: வேலை செய்ய மறுக்கிறேன்.
ஏழு நாள், கடுங்காவல்.
கீழே மொழிபெயர்ப்பாளர் எஸ். அருளப்பா,
வால் நீண்ட, கர்வமான கையெழுத்து.

நானும் அந்த வேலைதான் பார்த்தேன்,
வெருலம் கோர்ட்டில் இருபத்தாறு வருஷம்.
கூண்டில் நின்றுகொண்டு
மறுக்கிறேன் என்று தமிழில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.
அந்த ஆங்கிலத்தை
வந்த வழியே திருப்பி நடத்திப் பார்த்தேன்.
மாட்டேன் என்றிருப்பார்.

எந்த மாட்டேன்?
எழுந்திருக்கமாட்டாமல் கிடக்கிறாள் என்போமே,
இடுப்பு விட்டுப்போனவளைப் பற்றி,
அந்த மாட்டாமையா?
கங்காணியின் முகத்துக்கு நேரே சொல்கிற மாட்டேனா?

சிறை மருத்துவர் குறிப்பு தனிக் கட்டில் இருந்தது:
வலது கணுக்காலில் புண், சீழ்,
மூன்று நாள் கல்லுடைக்கவில்லை.
அப்படியானால் முதலாவது என்று எழுதி
அடித்துவிட்டேன்.
சீழ் பிடித்த காலோடும்
ஒருவர் இரண்டாவதைச் சொல்லியிருக்கலாம்.

அருளப்பாவின் கல்லறையையும் போய்ப் பார்த்தேன்.
ஊருக்குள், தேவாலயத்துக்குப் பக்கத்தில், பளிங்கு.
ஒரு தமிழ் எழுத்து இல்லை.
திட்டுவதற்காகப் போனேன் என்பதே உண்மை.
வெயிலுக்கு அந்தக் கல்லின்மேலேயே
உட்காரவேண்டியதாயிற்று.

எண்பத்து மூன்றில் ஒரு மீன்காரர்,
பெயர் மறந்துவிட்டது,
"செஞ்சேனோ என்னமோ" என்றார் கூண்டிலிருந்து.
அந்த ஓகாரத்தை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?
மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஒப்புக்கொள்கிறார் என்றேன்.
ஆறு மாதம்.
மீன்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாலு மணிக்குக் காப்பகம் மூடிவிடும்.
நோமூசா பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு
எந்தெந்தத் தாள் நகல் வேண்டும் என்கிறாள்.
பக்கத்துக்கு இரண்டு ராண்ட்.
என் பேரனுக்கு அனுப்புவதற்கு
ஆறு போதும் என்று நினைத்துக்கொண்டேதான் வந்தேன்,
படிக்கட்டுவரை.

ஏழும் கொடு என்றேன்.
பொன்னுருவியுடையதை
கொஞ்சம் கறுப்பாக, தெளிவாக.