மொனிக்காவின் டயர்

கடலில் கொசு கிடையாதாம்.
எக்கநாயக்க டொக்டர் சொன்னார்,
மொனிக்காவின் துடுப்பில் ஊசி ஏற்றியபடி.
அலைமேல் முட்டை நிற்காதாம்.
நான் கடலைப் பார்த்ததில்லை.
பார்த்ததெல்லாம் அதில் ஒரு துண்டு:
நாற்பதடிச் சிமெந்துத் தொட்டி,
மூட்டை மூட்டையாய்க் கரைத்த உப்பு,
பண்டாரவளைக் குளிரில்
நொடித்துப்போன சர்க்கஸ்காரன் விட்டுப்போன
ஒரு கடற்சிங்கம்.

இரவில் மிதந்தபடிதான் தூங்கும்.
மூக்கும் முதுகும் வெளியே.
உட்கார்ந்தது எதுவானாலும்
துடுப்பு அங்கே எட்டாது.

பங்குனியில் எனக்குக் காய்ச்சல்.
தியத்தலாவை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள்
வலைக்குள் கிடந்தேன்.
ரத்தம் எடுக்க வந்த மிஸ்ஸிடம்
"யார் மீன் போடுறது?" என்று
திரும்பத் திரும்பக் கேட்டேனாம்.

வந்து பார்த்தபோது
அதற்குத் தலை ஒரு பக்கமாய் ஆடியது.
என்னைக் கண்டுதான் ஆடுகிறது என்று
ஒரு முழு நாள் சந்தோஷமாய் இருந்தேன்.

ஐஸ்பெட்டியில் அதன் ரத்தம் பேராதனைக்குப் போனது.
பதில் வரப் பன்னிரண்டு நாள்.
மூளைக்கு ஏறிய வைரஸ், நுளம்பு கொண்டுவந்தது.
எனக்கு வந்தது வேறு, அதற்கு வந்தது வேறு,
கொசுவும் வேறு சாதியாய் இருக்கலாம் என்றார்கள்.
அதற்குள் தொட்டியை வற்றவிட்டிருந்தோம்.

பிறகு பிஎச்ஐ ஜௌபர் ஐயா வந்தார்.
லயத்தில் சிரட்டை, தயிர்ச்சட்டி,
கோழிக்கு வைத்த தண்ணிவரை கவிழ்ப்பவர்
தொட்டிக்கரையில் சும்மா நின்றார்.
படிவம் வயது கேட்டது.
ஆணா பெண்ணா கேட்டது.
வீட்டு இலக்கத்தில் பேனா நின்றது.

அப்புறம் அந்த டயரைக் காலால் புரட்டினார்.

லொறிக் கொட்டகையில் கெஞ்சி வாங்கி,
மூக்கில் சுழற்றட்டுமே என்று
நான் உருட்டிவந்த டயர்.
அது விளையாடாத நாட்களின் மழையெல்லாம்
உள்ளே தேங்கி
கறுப்பாய், சுறுசுறுப்பாய்
நெளிந்துகொண்டிருந்தது.

"யார் வச்சது?"
முதலாளி கைபேசியைப் பார்த்தார்.
பிறப்புச் சான்றிலும் பிழையாய் இருக்கும் என் பெயரைத்
தண்டச்சீட்டில்
பிழையில்லாமல் எழுதினார் ஐயா:
சிவபாக்கியவதி.

மறுநாள் நீர்கொழும்பு லொறி வந்தது.
அன்டனுக்கு யாரும் போன் பண்ணவில்லை.
இருபது கிலோ சாளை.
கூறு போட்டுக் கொடுத்தேன்.
ஏழாம் லயத்தில் அன்றைக்குக்
காம்பராவுக்குக் காம்பரா கடல் மணந்தது.
நானும் பீலியடியில் குந்தினேன் மீன் கழுவ.
முதல் சாளையை எடுத்ததும்
கை தானாய்ப் பின்னால் போய்
ஓங்கியது,
எறிய.