எடைமேடை

ப்ர்னோவிலிருந்து வரவேண்டிய வண்டி
விஷ்கோவ் பக்கம் மூடுபனியில் நிற்கிறதாம்.
நிற்க நிற்கக் கரையும் சரக்கு.
நூற்றுப் பத்து நிமிடத்துக்கொருமுறை
பாதியாகிவிடும் என்கிறான் ராடிம்,
பேனா மூடியைக் கடித்தபடி.

எனக்குப் புரியாதா?
இருபத்தொன்பது அறுவடைப் பருவம்
சர்க்கரை ஆலை வாசலில் எடைமேடை பார்த்தவள்.
காத்துக் கிடக்கும் பீட்கிழங்கு லாரி
மணிக்கு மணி இனிப்பை இழக்கும்.
ஓட்டுநர்கள் என்னைத்தான் வைவார்கள்.

ஆறு மணிநேரம் பட்டினி.
குளிரக்கூடாது; நடுங்கினால்
கழுத்துக் கொழுப்பும் ஒளிர்ந்து
பொய்ச்சாட்சி சொல்லுமாம்.
இரண்டு கம்பளி. வயிற்றில் ஒட்டிய பையைக்
காலையிலேயே காலி செய்தாயிற்று.

ஈயப் பெட்டி வந்தது.
ஒரு சிட்டிகைகூட இல்லாத சர்க்கரை.
தாமதத்தைக் கழித்து
மறுபடி கணக்குப் போட்டான் ராடிம்.
எட்டிப் பார்த்துச் சரிபார்த்தேன். பழக்கம்.

பிறகு ஒரு மணிநேரம் அசையாமல், பேசாமல்.
உள்ளே பந்தி நடக்கிறது.
மூளைக்கு எப்போதும் முதல் இலை.
இதயம் மனசு வைத்தால் சாப்பிடும்.
கூப்பிடாமல் வந்து
இலைக்கு மேல் இலை போட்டு உட்காருகிறவன் எவனோ
அவனைத்தான் தேடுகிறார்கள்.
மலக்குடலை வெட்டியெடுத்து மூன்று வருஷம்.
ரத்தத்தில் ஒரே ஓர் எண்
நாலு, ஏழு, பதினொன்று என்று படியேறுகிறது,
வேறெந்தப் படத்திலும் முகம் காட்டாமல்.

வளையத்துக்குள் போய் வந்தேன்.

டாக்டர் ஹெட்விகா திரையைத் திருப்பினாள்.
கல்லீரல் சாம்பல், நல்லது.
நுரையீரல் இருட்டு, ரொம்ப நல்லது.
மூத்திரப்பை ஜகஜ்ஜோதியாய் எரிகிறது, அது கணக்கில் இல்லை.
வால் எலும்புக்கு முன்னால்
ஒரு பட்டாணி.

"தழும்பாக இருக்கலாம். கதிர்வீச்சு கொடுத்த இடம்.
இல்லாமலும் இருக்கலாம்.
செவ்வாய்க்கிழமை ஊசியால் துளி எடுத்துப் பார்ப்போம்."
எத்தனை கிலோ என்று கேட்க வாய் வந்தது.

சாயங்காலம்வரை கர்ப்பிணிகளிடம் நெருங்காதே என்று
ஒரு சீட்டும் கொடுத்தார்கள்.
ஒலொமோட்ஸ் டிராமில் நிறைமாதக்காரி ஒருத்தி
பெருமூச்சோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
சட்டென்று எழுந்து
கடைசிக் கம்பிவரை போய் நின்றேன்.
முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு.
தன் கோட்டு நுனியை முகர்ந்து பார்க்கிறாள்.

போய்ச் சொல்லலாம்தான். என்னவென்று?
மணி மூன்று பத்து.
பதினொன்றரைக்கு ஏற்றியதில் கால்வாசி மிச்சம்.

இறங்கும்போது
வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி
திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
நியாயம்தான்.
லாரிக்காரர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள்.